புதுப்பிப்பு: டாக்கர் ஆக்‌ஷன் ஓடிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் திருப்பூர் ஆபீஸில் எல்லா ரெப்போவுக்கும் (கோட் வைக்கும் இடம்) ஒரே சோதனையை ஓட்ட கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கோட் ஏறும்போது வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) டாக்கர் கன்டெய்னராக (நிரலையும் அதற்குத் தேவையானதையும் ஒரே பெட்டியாகக் கட்டியது) ஒரு ஆக்‌ஷன் எழுதினேன், லேப்டாப்பில் ஓடுகிறது, கிட்ஹப்பில் போனால் 'பெர்மிஷன் டினைட்' என்று நிற்கிறது என்று. சரியாகிவிட்டதுங்க.

என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டுக்கு (கன்டெய்னர் தொடங்கியதும் ஓடும் கோப்பு) இயக்கும் அனுமதியே இல்லை. நான் விண்டோஸில் இருந்து கமிட் செய்வதால் கிட்டில் அது 644 (இயக்கும் அனுமதி இல்லாதது) என்று பதிவாகியிருந்தது, ஆனால் விண்டோஸில் டாக்கர் பில்ட் செய்யும்போது எல்லாக் கோப்புக்கும் 755 (இயக்கும் அனுமதி உள்ளது) தானாக விழுந்துவிடும், அதனால்தான் இங்கே தப்பு கண்ணுக்கே படவில்லை. கிட் அப்டேட்-இன்டெக்ஸ் கட்டளையில் அனுமதியை மாற்றி புஷ் செய்துவிட்டு பல்லடம் ரோட்டு டீக்கடைக்குப் போனேன், டீ ஆறுவதற்குள் போனில் பச்சை டிக்.

அப்புறம் இன்னொன்று. டாக்கர்ஃபைலில் (கன்டெய்னரைக் கட்டும் செய்முறைக் கோப்பு) ஒர்க்டிர் (எந்த ஃபோல்டரில் ஓட வேண்டும் என்று சொல்லும் வரி) வைத்து நம்பியிருக்காதீர்கள். கிட்ஹப் தன்னுடைய ஒர்க்ஸ்பேஸ் ஃபோல்டரை மாட்டி அதில்தான் ஓட்டும். ஸ்கிரிப்டுக்கு முழுப் பாதை கொடுங்கள். வெளியீட்டைக் கொடுக்கும் பழைய செட்-அவுட்புட் கட்டளை 2022-லேயே கைவிடப்பட்டது, வெளியீட்டை கிட்ஹப்_அவுட்புட் என்ற சூழல் மாறி சுட்டும் கோப்பில் எழுத வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதி) புதிதாகக் கட்டுவதுதான் பெரிய தாமதம். இமேஜை ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமிக்கும் இடம்) ஏற்றி, ஆக்‌ஷன் கோப்பில் அதையே சுட்டிவிட்டேன். லினக்ஸ் ரன்னரில் (வேலையை ஓட்டும் கணினி) மட்டும்தான் டாக்கர் ஆக்‌ஷன் ஓடும். மேக் ரன்னர் கேட்ட ஈரோடு அண்ணாவுக்கு காம்போசிட் ஆக்‌ஷன் (டாக்கர் இல்லாமல் பல படிகளை ஒன்றாகச் சேர்த்தது) ஒரு வழி.