காலநிலை ‘அலார்மிசம்’: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் காலை

எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கான மும்மொழிக் கையேடு ஒன்று கையில் இருக்கிறது. அமெரிக்காவில் மாரியில் வீசும் கடும் புயல்களையும், அவற்றைக் காட்டி ‘பூமி எங்கே சூடாகிறது?’ என்று கேட்பவர்களையும் பற்றிய எட்டுப் பக்கங்கள். சிங்களப் பகுதி அச்சுக்குப் போய்விட்டது. தமிழ் வியாழன் மாலைக்குள் போகவேண்டும். பிந்தினால் மற்ற இரண்டு மொழிகளிலும் மட்டும் அடித்துவிடுவார்கள். எனக்கு இது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

மூன்று சொற்களில் நிற்கிறேன்: ‘விண்டர் ஸ்டோர்ம்’, ‘கிளைமேட் ஸ்கெப்டிக்’, ‘கிளைமேட் அலார்மிசம்’. இப்போதைக்கு நான் போட்டு வைத்திருப்பவை குளிர்காலப் புயல், காலநிலைச் சந்தேகவாதி, காலநிலைப் பீதிவாதம்.

மூன்றாவதுதான் உறுத்துகிறது. மூலத்தில் ஒரு பந்தி இப்படிப் போகிறது: 2015 பெப்ரவரியில் அமெரிக்க செனட் உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையைச் சபைக்குள் கொண்டுவந்தார். பதிவானவற்றில் 2014தான் மிகச் சூடான ஆண்டு என்கிறார்களே, வெளியே இப்படிக் குளிர்கிறதே என்பது அவருடைய வாதம். அவர் போன்றவர்கள் காலநிலை விஞ்ஞானிகள் சொல்வதை ‘அலார்மிசம்’ என்கிறார்கள். அது ஒரு தரப்பு மற்றத் தரப்பின் மேல் ஒட்டும் சொல். நான் ‘பீதிவாதம்’ என்று எழுதினால், விஞ்ஞானிகள் பீதி கிளப்புகிறார்கள் என்று கையேடே தீர்ப்புச் சொன்னதுபோல் ஆகிறது. பிள்ளைகள் அதை அப்படியே பரீட்சையில் எழுதுவார்கள். வெறும் ‘எச்சரிக்கை’ என்று போட்டாலோ குற்றச்சாட்டு காணாமல் போகிறது. உதவுங்கள்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செவ்வாய் முற்பகல்

பிள்ளை, பீதியும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம், வாதமும் வேண்டாம். மூன்றும் வடசொல். உங்கள் கையேட்டின் பொருள் என்ன? பனியும் அச்சமும். தமிழில் இவை இரண்டுக்கும் வேர் ஒன்று.

பனித்தல் என்றால் நடுங்குதல். நெடுநல்வாடை தொடங்குவதே ‘வையகம் பனிப்ப’ என்றுதான். குளிரில் நடுங்குகிறவனுக்கும் பயத்தில் நடுங்குகிறவனுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லைக் கொடுத்தார்கள். ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்பது தொல்காப்பிய உரியியல். அதே இயலில் பே, நாம், உரும் என்ற மூன்றும் அச்சப் பொருளன என்று வருகிறது. இதில் உரும் என்பது இடியும்கூட. வானத்தில் நடப்பதையும் நெஞ்சில் நடப்பதையும் தமிழ் பிரித்து வைக்கவே இல்லை.

ஆகவே அலார்மிசம் ‘பனிப்புரை’ ஆகட்டும். அப்படிப் பேசுபவர் பனிப்புரைஞர். குளிர்காலப் புயலை ‘வாடைப்புயல்’ என்று சொல்லுங்கள். வாடை வடக்கிலிருந்து வருவது. அமெரிக்கக் குளிரும் வடக்கிலிருந்துதானே இறங்குகிறது?

கொட்டாஞ்சேனை, புவியியல் ஆசிரியை. செவ்வாய் மாலை

சேர், வகுப்பு முடிந்து இப்போதுதான் பார்த்தேன். ‘வையகம் பனிப்ப’ என்ற இடத்தைத் திரும்ப எடுத்து வாசிக்க வைத்துவிட்டீர்கள், நன்றி. ஆனால் என் பிள்ளைகளிடம் ‘பனிப்புரை’ என்று கொடுத்தால், பனியைப் பற்றிய விளக்கவுரை என்றுதான் எடுப்பார்கள். பக்கத்துக்குப் பத்து இடத்தில் பனி வருகிற கையேட்டில் இந்தச் சொல் நிற்காது.

வாடையும் சிக்கல். நம் கடற்றொழிலாளர் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றையும் இன்றும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். வாடைக்காற்று என்றால் அவர்களுக்கு வடகீழ்ப் பருவக்காற்று. வாடைப்புயல் என்றால் தாழமுக்கம் வலுத்து வருகிற நவம்பர், டிசம்பர்ச் சூறாவளிதான் நினைவுக்கு வரும். ‘குளிர்காலப் புயல்’ என்பதிலும் அதே பிழை இருக்கிறது, தங்கச்சி. 1964இலும் 1978இலும் இங்கே அடித்ததும் மாரிகாலத்தில்தான். நம் பிள்ளைக்குக் குளிர்காலப் புயல் என்றால் மழையும் வெள்ளமும்.

அங்கே நடப்பது வேறு. பிளிசார்ட் என்று அவர்கள் அறிவிப்பதற்குக் காற்று மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறையாமல் வீசவேண்டும், பறக்கும் பனியில் 400 மீற்றருக்கு அப்பால் கண் தெரியக்கூடாது, அது 3 மணித்தியாலம் நீடிக்கவும் வேண்டும். இதற்குப் ‘பனிப்புயல்’ பொருந்தும். ஆனால் 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததை வெறும் பனிப்புயல் என்று சொல்லி முடிக்க முடியாது. குளிரில் எரிவாயுக் குழாய்களும் மின்னிலையங்களும் உறைந்தன, 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பொதுச்சொல்லாக ‘கடுங்குளிர்ப் புயல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குழப்பவேண்டாம். வானிலை வேறு, காலநிலை வேறு. காலநிலை என்பது 30 ஆண்டுகளின் சராசரி. ஒரு பனி உருண்டை வானிலை. சூடான வளி ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் சூடாகிற உலகத்திலும், உறைநிலைக்குக் கீழே இருக்கிற ஓர் இடத்தில் முன்பைவிடக் கனத்த பனி கொட்ட இடமுண்டு. இது பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும்.

சென்னை, பாடநூல் பணியில் இருப்பவர். செவ்வாய் இரவு

எங்கள் பக்கம் ‘பருவநிலை மாற்றம்’ என்றுதான் நாளிதழ்கள் எழுதுகின்றன. ‘பருவநிலை’ என்றே வைக்கலாமே?

கொட்டாஞ்சேனை, புவியியல் ஆசிரியை. செவ்வாய் இரவு

வேண்டாம் ஐயா. கோடை, மாரி என்ற பருவங்களைப் பற்றியே பேசுகிற கட்டுரையில் பருவநிலை என்று போட்டால் பிள்ளை தடுமாறும். எங்கள் பாடநூல்களில் காலநிலை ஊறிவிட்டது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரொறன்ரோ. செவ்வாய் நள்ளிரவு

கொழும்பில் பிறந்து இங்கே 30 வருடமாகப் பனி அள்ளுகிறவன் என்ற முறையில் ஒரு வரி. ‘மழைப்பனி’ என்று பழைய பாடநூலில் படித்தோம். இங்கே ஒருவரும் அதைச் சொல்வதில்லை, ‘ஸ்னோ கொட்டுது’ என்றுதான் பேச்சு. ஆனால் கடுங்குளிர் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மிஸ் சொன்ன ‘கடுங்குளிர்ப் புயல்’ இங்கேயும் விளங்கும்.

கல்கிசை, அளவையியல் ஆசிரியர். புதன் காலை

இரண்டாவது சொல்லை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அதுதான் பெரிது.

‘ஐயந்திரிபற’ என்று நாள்தோறும் எழுதுகிறோம். அதற்குள் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். இருட்டில் தூரத்தே ஏதோ நிற்கிறது. ‘குற்றியோ மகனோ’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். கட்டையோ ஆளோ என்று தீர்மானிக்க முடியாமல் நிற்பது ஐயம். கிட்டப் போய்ப் பார்த்தால் அது தீரும், ஐயப்படுகிறவன் கிட்டப் போகவும் விரும்புவான். கட்டையை ஆள் என்றே முடிவுகட்டிவிடுவது திரிபு. அவனுக்குக் கிட்டப் போகவேண்டிய தேவையே இல்லை.

இதை வைத்துப் பாருங்கள். வடதுருவப் பகுதி, 1979 முதலான கணிப்பில், உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. இதனால் துருவச் சுழல், அதாவது துருவத்தைச் சுற்றி வீசும் கடுங்குளிர்க் காற்று, தளர்ந்து குளிர் தெற்கே வழிகிறதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. 2019 ஜனவரியில் சிக்காகோவின் வெப்பநிலை மறை 30 பாகை செல்சியஸுக்கும் கீழே போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்பவர் நியாயமான ஐயுறவாளர். அவரை மதிக்கவேண்டும். ஒரு பனி உருண்டையைக் காட்டிப் புவி சூடாகவில்லை என்பவரை அந்தப் பெயரால் அழைப்பது அளவையியலுக்கே அநியாயம். முதலாமவர் ஐயுறவாளர், இரண்டாமவர் மறுப்பாளர். மூலம் இருவரையும் ஒரே சொல்லில் போட்டிருந்தாலும் தமிழ் பிரித்துச் சொல்லட்டும்.

இன்னொன்று. சிங்களத்தில் காலநிலை மாற்றத்துக்குத் ‘தேசகுண விபர்யாச’ என்கிறார்கள். வடமொழிப் பௌத்த நூல்களில் விபர்யாசம் என்றால் திரிபுணர்ச்சி. அதே சொல்தான். ஒரு மொழியில் வளிமண்டலம் மாறுவதற்கும் இன்னொரு மொழியில் அறிவு பிறழ்வதற்கும் ஒரே சொல் நிற்பதை நேற்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கையேட்டுக்கு இது உதவாதுதான். ஆனாலும் எங்காவது பதிந்து வைக்கவேண்டும் என்று பட்டது.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர். புதன் நண்பகல்

ஐயுறவாளர், மறுப்பாளர் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் சேர். ‘ஐயம்’ மட்டும் தனியே வந்தால் ஐயமிட்டு உண் என்பதில் வரும் பிச்சைப் பொருள் குறுக்கிடுமோ என்று பயந்தேன், ‘ஐயுறவு’ அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. கடுங்குளிர்ப் புயலும் சரி. மூன்றாவது இன்னும் கிடக்கிறது. நாளைதான் வியாழன்.

தெஹிவளை, சொந்த ஊர் மட்டக்களப்பு. புதன் மாலை

அக்கா, இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். இலக்கணம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மூன்றாவது சொல் எங்கள் வீட்டுச் சொல்.

1978 நவம்பர்ச் சூறாவளியை அப்பா ஒவ்வொரு கார்த்திகையும் சொல்வார். கூரை போனதைவிட, முதல்நாள் வானொலியில் சொன்னதை ஊரில் பலர் பெரிதாக எடுக்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். 2004 டிசம்பர் 26 அன்று எங்களுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள். பிறகு 2012 ஏப்ரல் 11. சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம், கரையை விட்டு ஓடச் சொன்னார்கள், அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடல் வரவில்லை. அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் சிலர் ‘சும்மா வெருட்டிப் போட்டாங்கள்’ என்றார்கள்.

அந்த வார்த்தைதான் அலார்மிசம். எச்சரித்தவன் சொன்னபடி நடக்காத ஒரு நாளில், அவன் மேல் போடுகிற பழி. அந்தப் பழி ஒட்டிவிட்டால் அடுத்த முறை ஆட்கள் ஓடமாட்டார்கள். அதனால் சொல் பழியாகவே தெரியவேண்டும். ‘காலநிலை வெருட்டல்’ என்று போடுங்கள். வாசித்தவுடன் இது யாரோ யாரையோ ஏசுவது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புதன் மாலை

தம்பி, நீங்கள் சொன்னது நெஞ்சைத் தொட்டது. சொல்லும் நல்ல சொல். வெரு, வெருவு, வெருட்சி, வெருட்டு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. வயலில் நிற்கும் வெருளியும் அதே குடும்பம். பனிப்புரையை நான் முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் உங்கள் சொல்லுக்கு வழிவிடுகிறேன்.

கொழும்பு 13, சொந்த ஊர் ஹட்டன். புதன் இரவு

மன்னிக்கவேண்டும் அண்ணே. எங்கள் தோட்டப் பக்கம் ‘வெருட்டு’ கிடையாது. மிரட்டுறது, பயங்காட்டுறது என்போம். வடக்கிலும் கிழக்கிலும் புழங்குகிற சொல்லை ‘சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்’ என்று எழுதும்போது எங்கள் பிள்ளைகள் கணக்கில் வருகிறார்களா? இதே கையேடு நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் போகும்.

பனியைப் பற்றியும் ஒன்று. தை, மாசியில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அன்றைக்குக் கொழுந்து இல்லை, பெயரும் பாதியாகும், அதாவது அரைநாள் சம்பளம்தான். எங்களுக்குப் பனி வேடிக்கைப் பொருள் இல்லை. கையேட்டில் ஒரு வரியாவது இதற்குப் போடுங்கள். ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த பனியிலிருந்து தொடங்கினால் டெக்சாஸும் விளங்கும்.

கொட்டாஞ்சேனை, புவியியல் ஆசிரியை. புதன் இரவு

தம்பி சொல்வது சரி. எந்த ஊர்ப் பிள்ளையும் அகராதி இல்லாமல் வாசிக்கக்கூடியதாக ஒன்று வைப்போம். ‘மிகை எச்சரிக்கை’. எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிந்த சொல், அளவு மீறியது என்ற குற்றச்சாட்டை ‘மிகை’ தாங்கிக்கொள்ளும். முதல்முறை வரும்போது ‘மிகை எச்சரிக்கை என்ற குற்றச்சாட்டு’ என்று முழுதாக எழுதினால் தீர்ப்பு யாருடையது என்பதும் தெரியும்.

கல்கிசை, அளவையியல் ஆசிரியர். புதன் இரவு

ஏற்றுக்கொள்கிறேன். நேரமும் ஆகிவிட்டது.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர். வியாழன் பிற்பகல்

அனுப்பிவிட்டேன். கடுங்குளிர்ப் புயல், பனிப்புயல், காலநிலை ஐயுறவாளர், காலநிலை மறுப்பாளர், காலநிலை மிகை எச்சரிக்கை. முதலில் வரும் இடத்தில் மிஸ் சொன்ன நீண்ட வடிவத்தையே போட்டேன். அது பெட்டிக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார்கள், ஆக்கினேன். மூன்றாம் பக்கத்தில் நுவரெலியாக் கொழுந்துக்கு இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். பனிப்புரையும் வெருட்டலும் இந்த முறை வரவில்லை. இரண்டையும் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

தெஹிவளை, சொந்த ஊர் மட்டக்களப்பு. வியாழன் இரவு

அக்கா, பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, மதிக்கிறேன். ஹட்டன் தம்பி சொன்ன நியாயத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். ‘மிகை எச்சரிக்கை’ என்று அச்சில் நின்றால், எச்சரிக்கையில் மிகை என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதாகப் பிள்ளைகள் நம்புவார்கள். 2012இல் நாங்கள் ஓடியது மிகை இல்லை. கையேடு மறுபடி அச்சாகும்போது சொல்லுங்கள், திரும்ப எழுதுவேன்.