அங்கன்வாடியில் எடுத்து வைப்பவன் வீட்டில் ஏன் இறைத்துப் போடுகிறான்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கோவை எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறோம். மூத்தவனுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இளையவளுக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து தவழ்ந்து வீடு முழுவதும் சுற்றி வருகிறாள். மூத்தவன் விளையாடிய பொருள்களை எடுத்து வைப்பதே இல்லை.

எடுத்து வைக்கவே தெரியாத பிள்ளை என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். சென்ற மாதம் ஒரு நாள் அவனை அழைத்து வர அங்கன்வாடிக்குச் சற்று முன்னதாகவே போய்விட்டேன். டீச்சர் கையைத் தட்டி, 'எடுத்து வய்க்கூ' என்று மலையாளத்தில் ஒருமுறை சொன்னதுதான் தாமதம், என் மகன் உட்படப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்து, கட்டைகளை ஒரு கூடையிலும் படப் புத்தகங்களைப் பலகையிலும் வைத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்று வாயடைத்துப் போனேன். அன்று மாலை கூடத்தில் கால் வைக்க இடமில்லாதபடி அவன் இறைத்திருந்தபோது, 'எடுத்து வை' என்று நானும் சொன்னேன். இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல்தான். அவனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து முறை சொல்லி, பதினோராவது முறை கத்தி, கடைசியில் நானே குனிந்து பொறுக்கினேன்.

வீட்டில் விளையாட்டுச் சாமான்களுக்குக் குறைவில்லை. அவன் அப்பா பொள்ளாச்சியிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கார் வாங்கி வருவார். கல்பாத்தித் தேருக்குப் போனால் தேர்க்கடையில் இரண்டு சேரும். பிறந்தநாளுக்கு வந்தவை தனி. எல்லாவற்றையும் போட்டு வைக்கப் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கினேன். இப்போது அந்த டப்பைக் கவிழ்ப்பதே அவனுக்கு முதல் விளையாட்டு. என் மாமியாரோ, 'ஆண் பிள்ளையை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறாய்' என்று, மூட்டு வலியோடு தாமே குனிந்து எடுத்து வைத்துவிடுகிறார்.

என் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இளையவளுக்குக் கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. போன வாரம் ஒரு சிறு காரின் ரப்பர் சக்கரம் அவள் உதட்டோரம் தெரிந்தது. நல்ல வேளையாகப் பார்த்து எடுத்துவிட்டேன். மிட்டாய் தருவதாகச் சொல்லி வேலை வாங்கலாமா, அல்லது எடுத்து வைக்காத பொம்மைகளை ஒளித்து வைக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சித்தூர் அங்கன்வாடி ஆசிரியை (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, நம் பாலக்காட்டுச் சித்தூர்)

சகோதரி, உங்கள் மகன் என்னிடம் வரும் பிள்ளை அல்லன். ஆனாலும் நீங்கள் கதவோரம் நின்று பார்த்ததை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அதில் டீச்சரின் குரலுக்கு உள்ள பங்கு மிகக் குறைவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூடைகளின் வெளிப்புறத்தில், உள்ளே என்ன போட வேண்டுமோ அதன் படத்தை ஒட்டியிருக்கிறோம். எழுத்தறியாத பிள்ளைக்கு அதுதான் பெயர்ப்பலகை. கட்டை எங்கே போக வேண்டும் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு டப் கொட்டுவதற்குத் தோதானது, எடுப்பதற்குத் தோதானதன்று. அடியில் கிடக்கும் ஒரு யானை வேண்டுமென்றால் மேலே உள்ள அத்தனையும் கவிழ்ந்தாக வேண்டும். இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து, 'எல்லாவற்றையும் எடுத்து வை' என்பது உங்களுக்கு ஒரு வேலை, நான்கு வயதுப் பிள்ளைக்கு முப்பது வேலை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் அவன் காது கேளாதவனைப் போல் இருந்துவிடுகிறான். 'கார்களை மட்டும் இந்தக் கூடையில் போடு, நான் கட்டைகளை எடுக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாமல் நீங்களும் தரையில் உட்காருங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் அந்த வயதில் விளங்காது. இந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்ததும் நிறுத்துவோம் என்றால் விளங்கும். நாங்கள் சோற்றுக்கு முன்னால்தான் எடுத்து வைக்கச் சொல்வோம். தூக்கம் சொக்கும் நேரத்தில் சொன்னால் எங்கள் பிள்ளைகளும் அழத்தான் செய்வார்கள்.

எங்கள் பயிற்சி வகுப்பில் மரியா மாண்டிசோரியைப் பற்றிச் சொன்னார்கள். 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, அதில் சில காலம் கொடைக்கானலிலும் இருந்தவர். அவருடைய முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் அலமாரியில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை திரும்ப வைத்தால்தான் அடுத்த பிள்ளைக்கு அது கிடைக்கும். என் மனத்தில் மிகவும் தங்கியது இதுதான். அங்கன்வாடியில் அந்த அடுத்த பிள்ளை பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் அப்படி ஒருவரும் நிற்பதில்லை.

மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டாம். அவர் குனிவதற்குப் பதிலாக நாற்காலியில் அமர்ந்து, 'யானை எங்கே, அது இன்னும் வீட்டுக்கு வரவில்லையே' என்று கேட்கட்டும். ஆண் பிள்ளை என்ற பேச்சு எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இங்கே பையன்களும்தான் துடைப்பத்தை எடுக்கிறார்கள்.

இளையவளைப் பற்றிய உங்கள் கவலை மட்டும் மூத்தவனுடைய பழக்கத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சக்கரம் கழன்ற கார்களையும், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு உகந்ததன்று என்று அட்டையில் அச்சிட்டவற்றையும் இன்றே உயரத்தில் ஏற்றிவிடுங்கள். விளக்கு எரியும் பொம்மைகளின் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பொத்தானைப் போன்ற தட்டையான பேட்டரியை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையை நம்பி இதை விட முடியாது.

மறுமொழி 2: நகரித் தறிக்காரர்

டீச்சர் சொன்னவற்றோடு, ஒளித்து வைப்பதைப் பற்றி என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். திருத்தணிக்கு அடுத்த நகரியில், வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளரும் ஐந்து வயது மகள் எனக்கு இருக்கிறாள். ஆடிக் கிருத்திகைக் கடைகளில் வாங்கிய பொம்மைகள் தறிக்கு அடியில் வரை கிடந்ததால் பொறுமை இழந்து, ஓர் இரவு எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் பரணில் போட்டேன். காலையில் அழுது, மன்னிப்புக் கேட்டு, திருந்திவிடுவாள் என்பது என் கணக்கு. அவள் அழவே இல்லை. தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சிகளில் நூல் தீர்ந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றை மாப்பிள்ளையாகவும் ஒன்றைப் பெண்ணாகவும் நிறுத்தி ஒரு கல்யாணமே நடத்திவிட்டாள். மூன்றாம் நாள் சாக்கை இறக்கியபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இதில் நான் கவனித்தது வேறொன்று. பொம்மைகளை எங்கே வேண்டுமானாலும் போட்டவள், தார்க்குச்சிகளை மட்டும் மாலையில் ஒன்று விடாமல் கூடைக்குக் கொண்டுவந்தாள். காலையில் அவள் பாட்டி தார் சுற்ற உட்காரும்போது குச்சி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த பிள்ளை கை நீட்டி நிற்கிறது என்று டீச்சர் எழுதியதைப் படித்தபோது இதுதான் என் நினைவுக்கு வந்தது.

மிட்டாயும் கொடுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில் அது பிஸ்கட். முதல் நாள் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டவள், நான்காம் நாள், 'எத்தனை தருவாய் என்று முதலில் சொல்' என்று பேரம் பேசினாள். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் லெப்பர் முதலியோர் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். படம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாமல் விட்டபோது அவர்கள் முன்னளவு வரையவில்லை. ஆகவே மிட்டாய் வேண்டாம் என்பது என் கருத்து.

பொம்மைகளைக் குறைப்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மறுமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றையும் கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு, பல விதமாக விளையாடினார்களாம். எடுத்து வைப்பதைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான்கைப் பொறுக்குவது எளிதா, பதினாறைப் பொறுக்குவது எளிதா என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நாங்கள் மூன்று பைகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பையை மட்டும் இறக்குகிறோம். பழைய பை திரும்பி வரும்போது அவளுக்கு அது திருவிழாக் கடைதான்.

மறுமொழி 3: செங்கோட்டைத் தாத்தா

தறிக்காரத் தம்பி சொன்ன பரிசு ஆய்வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்த ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பொம்மை பொறுக்குவதை எந்தப் பிள்ளையும் ஏற்கெனவே விரும்பிச் செய்வதில்லை. கெடுப்பதற்கு அங்கே விருப்பம் என்று ஒன்று இருந்தால்தானே! பழக்கம் வரும் வரை நாலு நாள் ஒரு கடலை மிட்டாய் கொடுப்பதால் குடி முழுகிப் போகாது. ஆனால் நாலு நாளோடு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது.

என் மகள் சிறுமியாக இருந்தபோது அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச்செப்பு வாங்கிக் கொடுத்தேன். அடுப்பு, ஆட்டுக்கல், திருகை, இட்லிக் கொப்பரை, கட்டை விரல் அளவுக்கு ஒரு குடம். அத்தனையும் மூடி போட்ட ஓர் ஓலைப்பெட்டிக்குள் வந்தன. பெட்டிக்குள் ஒரு வரிசையில் வைத்தால்தான் மூடி படியும். ஆட்டுக்கல்லைக் கடைசியில் வைத்தால் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மூடியைப் படிய வைப்பதே அவளுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. இன்று பொம்மை வரும் அட்டைப் பெட்டியை வாங்கிய அன்றே கிழித்து எறிந்துவிட்டு, எங்கே வைப்பது என்று திண்டாடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே அம்மா. நான் செய்தித்தாளைப் படித்துவிட்டுத் திண்ணையில் பக்கம் பக்கமாக விட்டுச் செல்வது வழக்கம். போன ஆண்டு விடுமுறைக்குப் புனலூரிலிருந்து வந்த பேரனிடம் பந்தை எடுத்து வைக்கச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பந்தையும் செய்தித்தாளையும் சேர்த்து என் மடியில் கொண்டுவந்து வைத்தான். அன்று முதல் தாளை மடித்து வைக்கிறேன். உன் வீட்டுக்காரர் வந்ததும் செருப்பையும் பையையும் எங்கே போடுகிறார் என்று ஒரு நாள் கவனித்துப் பார்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. பாதி கட்டிய கோட்டையைக் கலைத்துக் கூடையில் போடச் சொன்னால், பாதி இழைத்த பலகையைத் தச்சனிடமிருந்து பிடுங்குவது போலத்தான் ஆகும். குட்டிப் பெண்ணின் கைக்கு எட்டாத ஓரிடத்தில் அது மறுநாள் வரை நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

டீச்சருக்கும் அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டப்பை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டேன்; இப்போது அதில் நெல்லிக்காய் காய்கிறது. நான்கு கூடைகள் மட்டும் கூடத்தில் இருக்கின்றன. படங்களை நான் ஒட்டவில்லை, அவனையே வரையச் சொன்னேன். விலங்குக் கூடையில் அவன் வரைந்திருப்பது எனக்குப் புளிமூட்டையாகத் தெரிகிறது. அவனுக்கு அது யானை. மீதி பொம்மைகளை இரண்டு பைகளில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருக்கிறேன். உடைந்தவற்றைக் கழித்தபோது திருகாணி இல்லாத ஒரு விளக்குப் பம்பரம் அகப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் நானும் அவனுமாகத்தான் எடுத்து வைத்தோம். அதிலும் முக்கால்வாசி நான். இரண்டாம் வாரம் இரவுச் சோற்றுக்கு முன்னால் மாமியார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, 'கரடி எங்கே, குதிரை எங்கே' என்று கேட்கத் தொடங்கினார். இப்போது எனக்கு முன்னால் அவரே நினைவூட்டுகிறார். 'ஆண் பிள்ளை' பேச்சை அவர் விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. நேற்றுக்கூட, 'பெண் பிள்ளையைவிட நன்றாக அடுக்குகிறானே' என்று பெருமைப்பட்டார். மிட்டாய் தரவில்லை, தேவைப்படவில்லை என்பதைவிட, நாலு நாளில் நிறுத்த என்னால் முடியாது என்பதே உண்மை. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பிள்ளைகள் வந்தபோது நான்கு கூடைகளும் மேலே இருந்த இரண்டு பைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன. அன்று நான் எதுவும் சொல்லவில்லை.

ஐயா சொன்னபடி செருப்பையும் கவனித்தேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரயில் தண்டவாளம் மட்டும் எட்டு நாளாகச் சாப்பாட்டு மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கிறது, கலைக்கக் கூடாது என்கிறான். சனிக்கிழமை அப்பா வந்ததும் இருவருமாகப் பாலம் போட்டு முடிப்பதாகப் பேச்சு. அதுவரை நாங்கள் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறோம்.