ஃபுல் ஃப்ரேமில் கிராப் லென்ஸ்: மாட்டிப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

டிஎக்ஸ் தம்பி:
செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி750 ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா ஒன்று படிந்திருக்கிறது. கையில் இருப்பதெல்லாம் டிஎக்ஸ் லென்ஸ்தான், அதாவது சின்ன சென்சாருக்கான நிக்கான் கிராப் லென்ஸ்: 35 எம்எம் எஃப்/1.8, அப்புறம் 18-140 ஜூம். ஃபுல் ஃப்ரேமுக்கான எஃப்எக்ஸ் லென்ஸுக்கு இப்போதைக்குப் பணம் புரளாது. "மாட்டினா கேமராவுக்குள்ள இருக்கிற மிரர் உடைஞ்சிடும்" என்று கடையில் பயமுறுத்துகிறார்கள். நிஜமாகவே மாட்டி எடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

முகூர்த்த நேரம்:
தாராளமா மாட்டுங்க தம்பி. மிரர் பயமெல்லாம் கேனான் கதை. நான் கல்யாண வேலைக்கு டி750-ல இதே 35-ஐத்தான் ரொம்ப நாள் ஓட்டினேன்.

டிஎக்ஸ் லென்ஸ்னு கேமரா பாடியே கண்டுபிடிச்சு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கும். 24 மெகாபிக்சல் 10 ஆயிடும். படம் 3936 × 2624. இது போதுமான்னு ஆல்பம் கணக்குல பாருங்க. 12 × 36 ஷீட்ல ஒரு பக்கம்னா 18 இஞ்ச், இஞ்சுக்கு 218 பிக்சல் வரும், பிரிண்ட்ல குறை தெரியாது. அதையே ரெண்டு பக்கமும் விரிச்சுப் போட்டா பாதிதான். அதனால பந்தி, நாதஸ்வரம், வாசல்ல நிக்கிற சித்தப்பா பெரியப்பா எல்லாம் 35-ல எடுப்பேன். தாலி கட்டுறதுக்கு மட்டும் 50 எஃப்எக்ஸ்.

மெனுவில ஆட்டோ டிஎக்ஸ் கிராப்பை அணைச்சும் பாருங்க. கிராப்ல 52 எம்எம் மாதிரி நெருக்கின லென்ஸ், அணைச்சதும் நிஜமான 35-ன் அகலத்தைக் கொடுக்கும். 24 மெகாபிக்சலும் திரும்ப வந்துடும். மூலை இருட்டும்தான், ஆனா எஃப்/1.8, எஃப்/2-ல அது மெதுவா மங்குற இருட்டு. மணப்பெண் போர்ட்ரெய்ட்டுக்கு நாமளே லைட்ரூம்ல போடுற விக்னெட்தானே! அப்பெர்ச்சரை, அதான் லென்ஸ்ல வெளிச்சம் நுழையிற துவாரத்தை, சுருக்கினா சரியாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இங்க நேரெதிர். எஃப்/11-ல அதே மூலை வெட்டிவிட்ட மாதிரி கறுப்பாயிடும், ஷேடோவை எவ்வளவு தூக்கினாலும் அங்க ஒண்ணும் இருக்காது. தூரத்துல ஃபோகஸ் பண்ணும்போது இன்னும் மோசம், கிட்டக்க வந்தா கொஞ்சம் தெளியும். ஹூடையும் ஃபில்டரையும் கழட்டிடுங்க.

18-140-ல ஆட்டோ கிராப்பை அணைச்சு வெச்சு 18-ல பார்த்தா ரயில் சுரங்கத்துக்குள்ள நின்னு வெளிய பார்க்கிற மாதிரி இருக்கும். அதைக் கிராப்லயே விட்டுடுங்க.

ரெட் டாட்:
அண்ணன் சொன்ன கேனான் கதையை நான் முடித்துவிடுகிறேன். கேனானின் கிராப் லென்ஸான இஎஃப்-எஸ் லென்ஸின் பின்பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், பெரிய மிரர் எழும்போது இடிக்கும். அதனால்தான் வெள்ளைச் சதுரம் போட்ட லென்ஸ், சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள பாடியில் உட்காரவே உட்காராது. பின்பக்க ரப்பரைக் கழற்றி மாட்டுகிற வீடியோக்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் டோக்கினா, சிக்மா, டேம்ரான் கம்பெனிகளின் கிராப் லென்ஸ்கள் கேனான் ஃபுல் ஃப்ரேமிலும் உட்காரும் சாதாரண இஎஃப் மவுண்டில்தான் வரும். டோக்கினா 11-16 எஃப்/2.8-ஐ கேனான் ஃபுல் ஃப்ரேமான 5டி மார்க் 2-ல் போட்டிருக்கிறேன். அந்த பாடியில் கிராப் மோடே கிடையாது, வியூஃபைண்டரிலேயே கறுப்பு வட்டம் தெரியும். 11-ல் வட்டம் பெரிது. 15 தாண்டியதும் ஃப்ரேம் நிறைந்துவிடும். ஜூமை மறந்துவிட்டு 16 எம்எம் பிரைம் என்று வைத்துக்கொண்டால் நல்ல லென்ஸ். தஞ்சாவூர் பெரிய கோயிலில் விமானத்தை ஓரளவு கிட்ட நின்று முழுசாக எடுக்க வேறு லென்ஸ் தேடவில்லை.

வேடந்தாங்கல் வாத்து:
ஒரு சின்ன விஷயம். கிராப் மோடில் போட்டால் பறவை கிட்டே வரும் என்று நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய் வெட்டினாலும் அதே பிக்சல்தான். டி850-ல் டிஎக்ஸ் மோடு 19.4 மெகாபிக்சல் தருவதால் எனக்குக் கட்டுப்படியாகிறது, ஃபைலும் சிறிசு. டி750-ல் 10-ஐ வைத்துக்கொண்டு மீன்கொத்தியை மேலும் வெட்டினால் எதுவும் மிஞ்சாது.

மிரர் இல்லாதவன்:
பின்னால் மிரர் இல்லாத கேமராவுக்கு (மிரர்லெஸ்) போகிற எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிக்கான் இசட் ஃபுல் ஃப்ரேம் பாடிகளில் பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக டிஎக்ஸ் லென்ஸ் போட்டால் கிராப் தானாக விழும், அணைக்க விடாது. முகூர்த்த நேரம் அண்ணனின் 35 வித்தை அங்கே செல்லாது. கேனான் ஆர் வரிசையில் அடாப்டரோடு இஎஃப்-எஸ் மாட்டலாம், அதுவும் கட்டாயக் கிராப். ஆர்6-ன் 20 மெகாபிக்சல் 8-க்கும் கீழே இறங்கிவிடும். சோனியில்தான் ஏபிஎஸ்-சி (கிராப் சென்சார் அளவு) என்ற அமைப்பை ஆட்டோ, ஆன், ஆஃப் என்று நம் கையில் விட்டிருக்கிறார்கள். ஆஃப் செய்து எடுக்கும்போது கை நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரை நகர்த்தும் பாடியின் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துப் பாருங்கள். சென்சார் நகர்ந்தால் ஒரு பக்க மூலை மட்டும் கறுக்கலாம்.

இன்னொரு தொல்லை, எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் கிராப் படமே திரை முழுக்க நிறைந்து தெரியும். சின்ன ஃபைலில் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே உறைக்காது. சோனி ஏ7ஆர் 4 மாதிரி 61 மெகாபிக்சல் பாடி என்றால் கிராப்பிலும் 26 கிடைக்கும், கவலை இல்லை. 24 மெகாபிக்சல் பாடிக்காரர்களுக்கு ஸ்டில்லில்தான் கஷ்டம். 4கே வீடியோவுக்கு 3840 பிக்சல் அகலம் போதும், அது கிராப்பிலும் இருக்கிறது. என் பழைய ஏபிஎஸ்-சி ஜூமை வீடியோவுக்கென்றே விற்காமல் வைத்திருக்கிறேன்.