முதல் ஆய்வுத் திட்டம்: கோட்பாடு முதலிலா, வினாப்பட்டியல் முதலிலா?

கடைசிவரிசை:

வணக்கம். சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். "வகுப்பில் சில மாணவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை" என்று தலைப்பு எடுத்து, 25 கேள்விகளோடு ஒரு வினாப்பட்டியலும் தயார் செய்துவிட்டேன். கூச்சம், பயம், தன்னம்பிக்கை, பாடத்தில் ஆர்வம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர் படித்துப் பார்த்து, "இதில் சமூகவியல் எங்கே?" என்று ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செயல்பாட்டுவாதம் (சமூகத்தின் ஒவ்வொரு உறுப்பும் முழுமைக்கு என்ன வேலை செய்கிறது), முரண்பாட்டுக் கோட்பாடு (யார் கையில் அதிகாரம், யாருக்கு நட்டம்), குறியீட்டு இடைவினைவாதம் (ஆட்கள் நேருக்கு நேர் பழகும்போது அர்த்தம் எப்படி உருவாகிறது) மூன்றையும் படித்திருக்கிறேன். தேர்வில் கேட்டால் யார் என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன். ஆனால் கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த மூன்றையும் வைத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? வினாப்பட்டியலை அப்படியே வைத்து, முன்னால் ஒரு கோட்பாட்டுப் பகுதியை மட்டும் சேர்த்தால் போதுமா?

தூர்க்கைம்வாசகர்:

சேர்த்தால் போதாது. ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி, சுருக்கமாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் இருக்கிற நான்கும் ஒரு தனி மனிதருக்குள் இருப்பவை. கூச்சம் அவருடையது, பயமும் அவருடையது. 1897-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் தூர்க்கைம் தற்கொலை பற்றி எழுதிய நூலை நினைத்துப் பாருங்கள். அதைவிட அந்தரங்கமான செயல் ஒன்று இருக்க முடியுமா? அவரோ இறந்தவர் மனதில் என்ன ஓடியது என்று தேடப் போகவில்லை. ஒரு சமூகத்தின் தற்கொலை விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது, சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது, கத்தோலிக்கர்களிடம் குறைவாகவும் புராட்டஸ்டண்டுகளிடம் அதிகமாகவும் இருக்கிறது, இது ஏன் என்று கேட்டார். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது விகிதம் மட்டும் நிலைத்து நிற்கிறது என்றால், அதற்கான விளக்கத்தை ஆட்களுக்கு வெளியே, அவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பிணைப்பில் தேட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் முடிவுகள் மேல் எத்தனையோ விமர்சனம் உண்டு (அதிகாரிகள் எந்த மரணத்தைத் தற்கொலை என்று பதிவு செய்கிறார்கள் என்பதே இடத்துக்கு இடம் மாறும்), ஆனால் கேட்ட விதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதே விதத்தில் உங்கள் கேள்வியைத் திருப்புங்கள். "இவர் ஏன் பேசவில்லை" என்பதை விட்டுவிட்டு, எந்தப் பின்னணி உள்ளவர்கள், எந்த மாதிரி வகுப்புகளில், யார் முன்னால் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே மாணவி ஒரு வகுப்பில் வாயே திறக்காமல் இருந்து, அடுத்த வகுப்பில் சரளமாகப் பேசினால், அவள் கூச்ச சுபாவக்காரி என்ற விளக்கம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

இப்போது கோட்பாடுகளுக்கு வேலை வரும். பள்ளி வகுப்பறை பிள்ளைகளைச் சமூகத்தின் வெவ்வேறு இடங்களுக்குத் தரம் பிரித்து அனுப்புகிறது என்று செயல்பாட்டுவாதியான பார்சன்ஸ் 1959-இல் எழுதினார். அந்தப் பார்வையில், பேசுவதற்குக் கிடைக்கும் பாராட்டும் மதிப்பெண்ணும் அந்தத் தரம் பிரித்தலின் ஒரு பகுதி. முரண்பாட்டுப் பக்கத்திலிருந்து வருபவர், யாருடைய பேச்சு "நல்ல பேச்சு" என்று எண்ணப்படுகிறது, அது எந்த வர்க்கத்து வீட்டில் பழக்கமானது என்று கேட்பார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் (வீட்டில் பழகி வந்த மொழி, ரசனை, நடத்தை எல்லாம் பள்ளியில் சொத்துப் போல உதவுவது) என்ற கருத்து உங்கள் தலைப்புக்கு நேராகப் பொருந்தும். இடைவினைவாதிகள் இவ்வளவு தூரம் போகாமல் அந்த ஐந்து நிமிடத்தையே பார்ப்பார்கள்: கேள்வி கேட்டதும் ஆசிரியரின் கண் எந்தப் பக்கம் போகிறது, தவறாகச் சொன்னவர் முகத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார், "அமைதியான பையன்" என்ற பெயர் ஒருமுறை விழுந்த பிறகு அவரை யாராவது கேட்கிறார்களா? மூன்றையும் திட்டத்தில் திணிக்காதீர்கள். எதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதோ அதற்கு உதவுகிற ஒன்றை எடுங்கள், இன்னொன்றைப் போட்டி விளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

களக்குறிப்பு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வினாப்பட்டியல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முதலாண்டில் பெரும்பாலோர் யோசிக்காமலேயே அதை எடுத்துவிடுகிறார்கள்.

லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவில் பல ஆயிரம் மைல் பயணம் செய்தார். அப்போது அங்கே சீனர்கள் மேல் வெறுப்பு வெளிப்படையாகவே இருந்தது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள், ஒரே ஒரு இடத்தில்தான் இடம் இல்லை என்று அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். பதில் அனுப்பிய 128 இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934-இல் வெளியான கட்டுரை இது. கடிதத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு முடிவு, கூடவே போய்ப் பார்த்ததால் நேர் எதிரான முடிவு.

இதிலும் ஓட்டை உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளையரான லாபியர் கூட இருந்ததும் வரவேற்பை மாற்றியிருக்கலாம். ஆனாலும் விஷயம் நிற்கிறது. "நீங்கள் வகுப்பில் அடிக்கடி பேசுவீர்களா" என்று வினாப்பட்டியலில் கேட்டால், தன்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் கிடைக்கும், எத்தனை முறை பேசினார் என்பது கிடைக்காது. அதை வகுப்பில் உட்கார்ந்து எண்ணிவிடலாமே! யார் தானாகப் பேசினார், யாரை ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யார் பேச்சு பாதியில் வெட்டப்பட்டது என்று மூன்று பத்தி போட்ட ஒரு தாள் போதும். சிலரைப் பிறகு தனியாகச் சந்தித்து நேர்காணல் செய்யுங்கள், "ஏன்" என்பதற்கான பதில் அங்கேதான் வரும்.

எண்ணும்எழுத்தும்:

வினாப்பட்டியலை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஒரு வகுப்பில் உட்கார்ந்து எண்ணினால் அந்த வகுப்பைப் பற்றித்தான் தெரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பேசுகிறார்களா என்பதைப் பல துறைகளில் ஒப்பிட, பெற்றோர் படிப்பு போன்ற விவரம் எல்லோரிடமிருந்தும் ஒரே வடிவில் வேண்டும். அதற்கு வினாப்பட்டியலை மிஞ்ச ஒன்றும் இல்லை.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதில்தான் கண் வைக்க வேண்டும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேர் அளவுக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்தது ஒரு காரணம், பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் வேறு வேறு மனநிலையில் இருந்தது இன்னொன்று. இப்போது உங்கள் தலைப்பைப் பாருங்கள்: வகுப்பில் பேசாதவர்களைப் பற்றிய ஆய்வு. நீங்கள் தாளை நீட்டி "விருப்பமிருந்தால் நிரப்புங்கள்" என்றால், நிரப்பாமல் நழுவுகிறவர் யாராக இருப்பார்?

தூர்க்கைம்வாசகரின் பதிலுக்கும் ஒரு சேர்க்கை. குழுவின் விகிதத்தை வைத்துத் தனி மனிதரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபின்சன் 1950-இல் இதை 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் அவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு நன்றாக இருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அதனால் வந்த தோற்றம் அது. புராட்டஸ்டண்டு பகுதிகளில் விகிதம் அதிகம் என்பதால் தற்கொலை செய்துகொண்டவர்கள் புராட்டஸ்டண்டுகள்தான் என்று ஆகிவிடாது.

தூர்க்கைம்வாசகர்:

ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் கடைசிவரிசை பெற்றோர் படிப்பையும் பேசிய எண்ணிக்கையையும் ஒவ்வொரு ஆளுக்கும் சேர்த்துப் பதிய வேண்டும், துறை சராசரியை மட்டும் வைத்துக்கொண்டால் அதே குழியில் விழுவோம்.

கடைசிவரிசை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "கல்லூரி வரை படித்த பெற்றோர் உள்ள மாணவர்களைவிட முதல் தலைமுறை மாணவர்கள் தாமாக முன்வந்து பேசுவது குறைவா? ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும் வகுப்புகளில் அந்த இடைவெளி சுருங்குகிறதா?" பூர்தியூவை முதன்மையாக வைக்கிறேன், இடைவினைவாதத்தைப் போட்டி விளக்கமாக. முதலில் எண்ணுவது, பிறகு எல்லோருக்கும் அரைப் பக்க வினாப்பட்டியல், கடைசியில் ஆறு நேர்காணல். 25 கேள்வியில் 19-ஐ எடுத்துவிட்டேன்! ஒரே ஒரு சந்தேகம், நான் தாளோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தால் அவர்கள் வழக்கம்போல நடந்துகொள்வார்களா?

களக்குறிப்பு:

இரண்டாவது கேள்விதான் உங்கள் ஆய்வின் உயிர், அதை விட்டுவிடாதீர்கள். இடைவெளி சுருங்கினால், வீட்டிலிருந்து கொண்டுவந்த மூலதனம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வகுப்பு நடத்தும் விதத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று ஆகும்.

முதல் இரண்டு மூன்று வகுப்பில் சும்மா உட்கார்ந்திருங்கள், அந்தக் குறிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆள் பழகிவிட்டால் பெரும்பாலும் கவனிப்பது குறைந்துவிடும். ஆசிரியர், மாணவர் இருதரப்பிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். "வகுப்பில் உரையாடல் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறேன்" என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் முதல் தலைமுறையினரை ஒப்பிடப் போகிறேன் என்ற கருதுகோளை ஆய்வு முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் ஆசிரியர் அவர்களைத் தேடித் தேடிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். தாளில் பெயர் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள், வினாப்பட்டியலோடு இணைத்து முடித்ததும் அதை அழித்துவிடுங்கள்.