உயரம் 155 செ.மீ., பி.ஏ. குற்றவியல் கடைசி வருஷம்: காக்கி இல்லாம முதல் வேலை எங்க தேடுறது?

தென்றல்_155

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம், ஆறாவது செமஸ்டர். எஸ்.ஐ. ஆகணும்னுதான் இந்தப் படிப்புல சேர்ந்தேன். டி.என்.யு.எஸ்.ஆர்.பி. (தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்) பெண்களுக்குக் கேக்குறது 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 157. நான் 155. இனிமே வளரப் போறதில்ல. எஸ்.எஸ்.சி. நடத்துற மத்தியப் படை எஸ்.ஐ. தேர்வுக்கும் 157 வேணும், அதுவும் போச்சு.

வீட்ல "போலீஸ் ஆக முடியாதுன்னா இந்தப் படிப்பு எதுக்கு, பேசாம பி.எட். சேரு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. கிளாஸ்ல யாரைக் கேட்டாலும் எஸ்.ஐ. கோச்சிங், அத விட்டா தடயவியல். போன வாரம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி கேம்பஸுக்கு வந்தாங்க. ட்ரெய்னி சூப்பர்வைசர், கைக்கு 17,500, 12 மணி நேர ஷிஃப்ட். செக்யூரிட்டின்னு சொன்னதுமே அம்மா சாப்பிடாம படுத்துட்டாங்க.

இந்த வேலைக்குப் போகலாமா? போனா, வாட்ச்மேன் வேலைலயே மாட்டிக்குவேனா? உயரம் கேக்காத, இந்தப் படிப்புக்குச் சம்பந்தமுள்ள வேலை வேற என்ன இருக்கு? ஏற்கெனவே இந்த வழியா போனவங்க சொல்லுங்க.

பென்சில்_சீவி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதுங்க. சிறைத் துறை, சமூகப் பாதுகாப்புத் துறை ரெண்டுலயும் நன்னடத்தை அலுவலர் பதவி அந்த அறிவிப்புல வந்திருக்கு. 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, ஒருத்தரைச் சிறைக்கு அனுப்பாம விடலாமான்னு கோர்ட் யோசிக்கும்போது அவரோட பின்னணிய விசாரிச்சு அறிக்கை குடுக்குறவங்க. உங்க சிலபஸ்ல ஒரு பேப்பர் முழுக்க இதுதானே இருக்கும்? அளவு நாடா கிடையாது.

தடயவியலை இப்பவே மறந்துடுங்க. லேப் வேலைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் கேப்பாங்க. பி.ஏ. வெச்சுக்கிட்டு அந்தக் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்ல. குரூப் 2-ல காலியிடம் கம்மி, முதல்நிலை, முதன்மைன்னு முடிவு வர ரொம்ப நாள் இழுக்கும். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு ஒரு வேலை வேணும்ங்கறதையும் சொல்லிடுறேன்.

இரவு_ஷிஃப்ட்

தென்றல், நானும் இதே படிப்புதான், உயரம் உன்னைவிடக் கம்மி. நீன்னே எழுதுறேன், கோவிச்சுக்காத. செக்யூரிட்டி ஏஜென்சியில ஆரம்பிச்சு, இப்ப சென்னையில ஒரு வங்கியோட பணமோசடித் தடுப்புப் பிரிவுல இருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம பட்டத்தை மட்டும் வெச்சு "இவங்களுக்கு மட்டும்"னு திறக்கிற கதவு ரொம்பக் கம்மி. எஸ்.ஐ. தேர்வையே எந்த டிகிரியும் எழுதலாம். அதனால பதவி பேரைப் பாத்து முதல் வேலையை எடுக்காத. அங்க உன் கையால என்ன எழுதப் போற, அதை யார் படிக்கப் போறாங்க, இதைப் பாரு. கேட்ல நின்னு விசிட்டர் பேரு, ஃபோன் நம்பர் எழுதுனா அந்த நோட்டை யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. அதே ஏஜென்சியில, அதே சம்பளத்துக்கு, கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுனா அதை கிளையன்ட் கம்பெனி மேனேஜர் படிப்பார், இன்சூரன்ஸ்காரன் படிப்பான், சில நேரம் போலீஸ் படிக்கும். அதனால எந்த சைட், எந்த சீட்னு கேளு.

எனக்குத் திருப்பம் வந்தது ஸ்கிராப் யார்டுல. ஒரு தொழிற்சாலை, பேரு வேணாம். செப்புக் கம்பிக் கழிவு கணக்குல இடிக்குதுன்னு புகார். எடை மேடைச் சீட்டுல வண்டி வெளிய போன நேரம் ஒண்ணு, கேமராவுல ஒண்ணு. பதினோரு நிமிஷ வித்தியாசம். எல்லாரும் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டாங்க. நான் கேமரா ரெக்கார்டர் கடிகாரத்தையும் என் செல்ஃபோன் நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்தேன். ரெக்கார்டர்தான் பதினோரு நிமிஷம் பின்னாடி ஓடுது. அங்க ஒருத்தர் உடனே நேரத்தைத் திருத்தப் போனார், விடல. திருத்திட்டா பழைய பதிவுக்கும் நிஜ நேரத்துக்கும் என்ன தொடர்புன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. வித்தியாசத்தை ஆக்கரன்ஸ் புக்ல (சம்பவப் பதிவேடு) எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தத் தேதிப் பதிவைத் தனியா எடுத்து வெச்சோம். டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே புதுசு பதிவாகும், கேஸ் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது. நேரத்தைச் சரிக்கட்டிப் பாத்தா டிரைவர் சுத்தம். திருப்பிக் கொண்டு வரணும்னு ஆர்.ஜி.பி. கேட் பாஸ்ல போன டிரம் ஒண்ணு திரும்பி வரவே இல்ல, அதுல போயிருக்கு கம்பி.

போலீஸ் வந்து ஃபுட்டேஜ் கேட்டாங்க. பென் டிரைவ்ல காப்பி போட்டுக் குடுத்தா வேலை முடிஞ்சதுன்னுதான் அங்க எல்லாரும் நெனச்சாங்க. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது புதுச் சாட்சியச் சட்டம் வந்தாச்சு. மின்னணுப் பதிவுக்கு அதுல 63(4) சான்று வேணும், பழைய சாட்சியச் சட்டத்து 65பி பிரிவோட இடத்துல வந்தது. ரெண்டு பகுதி: கருவியைப் பொறுப்புல வெச்சிருக்கறவர் ஒண்ணுல கையெழுத்துப் போடணும், நிபுணர் இன்னொண்ணுல. ஃபைலோட ஹாஷ் மதிப்பையும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, ஃபைல் மாறுனா இதுவும் மாறிடும்) எழுதணும். இதெல்லாம் உன் கிளாஸ் நோட்ஸ்லயே இருக்கும். கண்ட்ரோல் ரூம்ல இது தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது அபூர்வம். அந்த ரிப்போர்ட்டைப் படிச்ச கிளையன்ட் ஆபீசர்தான் அவங்க விசாரணைப் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டார்.

இப்ப உன் ஆஃபர். ஹெச்.ஆர்.கிட்ட இதெல்லாம் கேளு:

பசாரா (தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டம்) லைசன்ஸ் நம்பர் என்ன? 2005 சட்டப்படி லைசன்ஸ் இல்லாம தனியார் பாதுகாப்பு ஏஜென்சி நடத்தவே கூடாது. பயிற்சி எத்தன நாள், எங்க? கார்டுக்கே, அதாவது சாதாரணக் காவலாளிக்கே, வகுப்பு 100 மணி நேரம், களம் 60 மணி நேரம்னு மத்திய அரசோட மாதிரி விதிகள் (மாடல் ரூல்ஸ்) சொல்லுது. "நாளைக்கே வந்து நில்லு"ன்னா போகாத. உயரத்தப் பத்திக் கவலைப்படாத, அந்த விதியில பெண்களுக்கு 150 போதும். உன் கீழ எத்தன கார்டு? 15 பேருக்கு ஒரு சூப்பர்வைசர்னு இருக்கு, 40 பேரை உன் தலையில கட்டுனா ரோஸ்டர் போடுறதுலயே பொழுது போயிடும். முக்கியமா, 12 மணி நேரத்துல 8 போக மிச்சம் 4 மணி நேரத்தை சம்பளச் சீட்டுல ஓ.டி.ன்னு தனியா காட்டுவாங்களா? 17,500 அதையும் சேத்தா, சேக்காமலா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுல பிடிக்கிறாங்க? நைட் ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா?

ஒண்ணு மனசுல வெச்சுக்கோ. சூப்பர்வைசர் வேலைக்கு முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமைன்னு சட்டத்துலயே இருக்கு. உன் கீழ வேலை பாக்குறவர்ல பாதிப்பேர் உங்கப்பா வயசு. "சார், இந்த கேட் வழக்கம் என்ன, சொல்லிக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சா பொழைச்ச.

வங்கி வேலை பத்தி: கே.ஒய்.சி. அனலிஸ்ட்டா (வாடிக்கையாளர் யாருன்னு சரிபாக்குற வேலை) உள்ள வரலாம், எந்த டிகிரின்னாலும் சரி. 10 லட்சத்துக்கு மேல ரொக்கம் புழங்குனா அதை சிஸ்டமே பிடிச்சுக்கும். சந்தேகப் பரிவர்த்தனைக்குத் தொகை வரம்பே கிடையாது. ஏன் சந்தேகம்னு ஒரு மனுஷன் உக்காந்து எழுதணும், டெல்லியில நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். வாடிக்கையாளருக்கு மூச்சு விடக் கூடாது. அதனால என்ன வேலை பாக்குறேன்னு எங்க வீட்ல இன்னும் முழுசா தெரியாது, கேஷியர்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நானும் திருத்தல.

பழைய_ரைட்டர்

ஓய்வு பெற்ற எஸ்.ஐ. நான். மேலே அந்தப் பெண் எழுதியிருப்பது சரி. வெளியில் இருப்பவர்களுக்கு ஸ்டேஷன் என்றால் துப்பாக்கியும் ஜீப்பும்தான் தெரியும். உள்ளே வண்டியை ஓட்டுவது ரைட்டர், அதாவது ஸ்டேஷனின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலர். புகாரை வாங்கி முதல் தகவல் அறிக்கையில் அவர் எழுதும் பத்து வரிதான் மூன்று வருடம் கழித்துக் கூண்டில் நம்மைக் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும். பல வருடம் ரைட்டராக இருந்தவன் சொல்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். செக்யூரிட்டி வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்காதீர்கள் அம்மா. 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்து படிக்க உடம்பு ஒத்துழைக்காது. எத்தனையோ பிள்ளைகள் "வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன்" என்று போய் வேலையை மட்டும் பார்த்தார்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. குற்றவியலுக்கு மேல் அதையும் முடித்தால் குற்ற வழக்குப் பக்கம் உங்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று பிரிவு 176(3) சொல்கிறது. அந்த அறிக்கையைப் படித்து, எதிர்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்த வக்கீல்கள் கோர்ட்டுக்குத் தேவைப்படுவார்கள். வக்கீலுக்கு உயரம் பார்ப்பதில்லை.

மதிய_பஸ்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல சமூகப் பணியாளரா இருக்கேன். இந்த வேலைய யாரும் சொல்லலையேன்னு எழுத வந்தேன். மிஷன் வாத்சல்யாங்கற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல எனக்கு மாசத் தொகுப்பூதியம் 18,536. வீடு வீடா அலையுற புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592, அதுக்குப் போகாதீங்க, பஸ்ஸுக்கே பத்தாது. எல்லாமே ஒப்பந்தம், நிரந்தரம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அறிவிப்பு மாவட்ட இணையதளத்துல வரும், பேப்பர்ல ஒரு ஓரத்துல வரும்.

தகுதியில சமூகப்பணி, சமூகவியல், சமூக அறிவியல்னு போட்டிருப்பாங்க. குற்றவியல் எந்தப் புலத்துல வருதுன்னு பல்கலைக்கழகத்துல ஒரு கடிதம் வாங்கி வெச்சுக்கோங்க, சரிபார்ப்புல தகராறு வராது.

சட்டத்தோட சிக்கின பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்துல முதல்ல ஆஜர்படுத்துன நாள்லிருந்து 15 நாளுக்குள்ள சமூக விசாரணை அறிக்கை போகணும், படிவம் 6. நன்னடத்தை அலுவலர் பொறுப்பு, நாங்க வீட்டுக்குப் போய் விவரம் எடுப்போம். அக்கா எழுத்து எழுத்துன்னு சொல்றாங்க, எனக்கு அதுல பாதி உடன்பாடுதான். கட்டம் கட்டமா படிவத்தை யார் வேணா நிரப்பலாம். அந்தப் பையனோட அம்மா முதல் அரை மணி நேரம் பொய்தான் சொல்வாங்க, பயத்துல. பேனாவை மூடி வெச்சிட்டு உக்காரணும். பக்கத்து வீட்டுக்காரர் "அவன் சின்ன வயசுலருந்தே திருடன் சார்"ம்பார். என்ன திருடுனான், எப்ப, நீங்க பாத்தீங்களான்னு கேட்டா பேச்சு மாறும். அது பழகுறதுக்குத்தான் நேரம் பிடிச்சுது.

இரவு_ஷிஃப்ட்

@மதிய_பஸ் சரி, அந்தப் பாதிய ஒத்துக்குறேன். என் வேலையில எதிர்ல யாரும் உக்காந்து அழ மாட்டாங்க.

@பழைய_ரைட்டர் ஒரு வருஷம்னா நானும் சரின்னுதான் சொல்வேன் சார். ஆனா கேட்ல ஒரு வருஷம் நின்னா அது வீண்தான்.

தென்றல்_155

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஹெச்.ஆர்.கிட்ட ஃபோன்ல கேட்டேன். சைட் ஒரகடம் பக்கம். மூணு மாசம் எல்லா கேட்லயும் சுத்த விட்டு அப்புறம் கண்ட்ரோல் ரூமாம். லைசன்ஸ் நம்பர் உடனே அனுப்பிட்டாங்க. வண்டி உண்டு. ஓ.டி. பத்திக் கேட்டதும் "அதெல்லாம் சேரும்போது பாத்துக்கலாம்மா"ன்னு சிரிச்சாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு எழுத்துத் தேர்வாம். என்ன கேப்பாங்க? குரூப் 2-க்கும் எழுதப் போறேன். சட்டப் படிப்பு பத்தி அப்பாகிட்ட மெதுவா பேசணும்.

இரவு_ஷிஃப்ட்

மூணு மாசம் கேட் நல்லதுதான். எந்த கேட்ல எது ஓட்டைன்னு தெரியாம ஸ்கிரீனைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல. ஆனா அந்த மூணு மாசத்தை ஆஃபர் லெட்டர்ல எழுதச் சொல்லு.

தேர்வுல பெரும்பாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லி அரைப் பக்கம் எழுதச் சொல்வாங்க. "சந்தேகத்திற்கிடமான நபர் சுற்றித் திரிந்தார்"னு எழுதிடாத. "02.14-க்கு மூணாவது கேட் வெளிப்பக்கம் ஒருவர், நீலச் சட்டை, கையில் பை இல்லை, நாலு நிமிஷம் வேலியோரம் நின்றார், 02.18-க்கு மெயின் ரோடு பக்கம் போனார், கார்டு நேரில் பார்த்தார், நான் கேமராவில் பார்த்தேன்" இப்படி எழுது. நீ பாத்தது எது, அடுத்தவங்க சொன்னது எது, நீயா ஊகிச்சது எது, மூணையும் கலக்காத. யார்கிட்ட எத்தனை மணிக்குச் சொன்னன்னு கடைசி வரியில போடு. தீயணைப்பான் வகை பத்தி ஒரு கேள்வி வரும், மின்சாரத் தீயில தண்ணி ஊத்துவேன்னு எழுதாம இருந்தா போதும்.

ஓ.டி. கேள்விய ஃபோன்ல கேக்காத, மெயில்ல அனுப்பு. மெயில்ல சிரிக்க முடியாது. பதில் வந்ததும் கம்பெனி பேரை மறைச்சிட்டு இங்க போடு, பாத்துச் சொல்றேன்.