டீமன் ஸ்லேயர் 19-ஆம் எபிசோடு: சண்டையா, வாணவேடிக்கையா?

மூணு_ஃப்ரேம்

"சிறந்த அனிமே சண்டை எது?" என்று யார் கேட்டாலும் முதல் பதிலாக வந்து விழுவது டீமன் ஸ்லேயர் 19-ஆம் எபிசோடுதான். 2019 ஆகஸ்டில் வந்தது. வாள்வீரன் தன்ஜிரோவும் நூலால் தாக்கும் அரக்கன் ருயியும் மோதுவது. கண்ணுக்கு விருந்து, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சண்டைக் காட்சி என்று அதை முதலிடத்தில் வைப்பதுதான் உறுத்துகிறது. தண்ணீர், நெருப்பு, பாட்டு மூன்றையும் கழித்துவிட்டு மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒருவன் ஓடி வருகிறான், நூல் குறுக்கே வருகிறது, வாள் வீசுகிறான். இரண்டு பேருக்கும் நடுவே எவ்வளவு தூரம், உடம்பு எடை எந்தக் காலில், நூல் எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தது, ஒன்றும் நினைவில் தங்காது.

2007-இல் போன்ஸ் ஸ்டூடியோ எடுத்த ஸ்வார்ட் ஆஃப் த ஸ்ட்ரேஞ்சர் படத்தின் கடைசி வாள்சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கம் மசஹிரோ ஆண்டோ. அந்தச் சண்டையை வரைந்ததில் அனிமேட்டர் யுடாகா நகமுராவின் கை. பனி, மரக்கட்டுமானம், இரண்டு ஆள், இரண்டு வாள். மந்திரம் மாயம் கிடையாது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் யார் பின்வாங்குகிறார், எந்த வெட்டு உடம்பில் பட்டது என்று புரியும். சண்டை என்றால் எனக்கு அதுதான்.

ஹாஷிரா_ரசிகன்

தண்ணியையும் நெருப்பையும் கழிச்சுட்டுப் பார்க்கணுமாம். பிரியாணியில அரிசியையும் கறியையும் எடுத்துட்டு ருசி எப்படின்னு கேக்குற மாதிரி இருக்கு. அந்த எஃபெக்ட்தான் பாஸ் அங்க நடிப்பு. தண்ணி நிஜத் தண்ணி மாதிரியா இருக்கு? தடிச்ச கோடு, உள்ள வரி வரியா நுரை; உகியோ-எ மரப்பதிவு ஓவியத்தோட சாயல். தன்ஜிரோ உருவத்தோட கோடும் அதே தடிமன்ல இருக்கறதாலதான் ரெண்டும் ஒட்டுது. சும்மா ஒரு பார்ட்டிகிள் எஃபெக்டைத் தூக்கி மேல ஒட்டியிருந்தா எண்ணெயும் தண்ணியுமா தனித்தனியா மிதந்திருக்கும்.

டீமன் ஸ்லேயரை எடுத்த யூஃபோடேபிள்ல 3டி, காம்போசிட்டிங் (வரைஞ்ச உருவம், பின்னணி, ஒளியை எல்லாம் ஒரே ஃப்ரேம்ல சேர்க்கற வேலை) ரெண்டுமே ஸ்டூடியோவுக்குள்ளேயே நடக்குது. காம்போசிட்டிங் பொறுப்பு யூய்ச்சி டெராவ். கேமரா எங்க சுத்தணும், ஒளி எங்க விழணும்னு வரையறவங்களும் சேர்க்கறவங்களும் ஒரே கூரைக்கு அடியில பேசி முடிக்கலாம். "கடைசியா கொஞ்சம் பளபளப்பு போடு"ன்னு வெளிய அனுப்புற கதை இல்ல.

அப்புறம் 19-ல நூல் எங்கிருந்து வருதுன்னு தெரியலைன்னா அது உங்க கவனக்குறைவு.

நென்_கணக்கு

இருவருமே கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். சண்டையில் முதலில் வேண்டியது கணக்கு. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது பார்ப்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஹன்டர் × ஹன்டரில் ஹிசோகாவும் காஸ்ட்ரோவும் மோதுவது ஒன்று போதும். காஸ்ட்ரோ தன்னைப் போலவே இன்னொரு உருவத்தை உண்டாக்குவான். எது நிஜம், எது நகல் என்று தெரியாது. ஹிசோகாவின் கையே போய்விடுகிறது. பிறகு ஹிசோகா கண்டுபிடிப்பது என்ன? நகல் எப்போதும் சுத்தமாக இருக்கிறது. சண்டையில் நிஜ உடம்பில் ஒட்டிய புழுதியும் அழுக்கும் நகலுக்கு வருவதில்லை. அவ்வளவுதான், முடிந்தது ஆட்டம்.

தோல்விக்கான காரணமும் விதிக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கதையில் நென் என்ற உள்சக்தி ஆளுக்கு ஆள் வகைப்படும். காஸ்ட்ரோ பிறவியில் வலுவூட்டும் வகை. நகல் செய்ய உருவாக்கமும் ஆட்டுவித்தலும் வேண்டும். அவன் வகையிலிருந்து தள்ளி இருக்கும் திறன்கள். தனக்குப் பொருந்தாத வித்தையில் மொத்தக் கொள்ளளவையும் கொட்டிவிட்டான், ஹிசோகாவே அதை முகத்துக்கு நேரே சொல்கிறான். அறுந்து கிடந்த கை, ஹிசோகாவின் பஞ்ஜி கம் என்ற ஒட்டி இழுக்கும் சக்தியில் இழுபட்டு வந்து தாடையில் இடித்ததும் கவனம் சிதறுகிறது. கவனம் சிதறினால் நகல் வராது. பறந்து வரும் சீட்டுகளுக்கு அவன் உடம்புதான் இலக்கு. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியில் மாட்டியிருக்கிறது. படம் சுமாராக வரைந்திருந்தாலும் அந்தச் சண்டை நிற்கும்.

கடைசி_பெஞ்சு

கணக்கு வாத்தியார் வந்துட்டார். நமக்கு ட்ராகன் பால் வில்லன் ஃப்ரீசா "5 நிமிஷத்துல கிரகம் வெடிச்சிடும்"னு சொல்லிட்டு 10 எபிசோடு ஓட்டினதே போதும்.

சீரியஸா ஒரு கேள்வி. ஒரு படம் எத்தனை ஃப்ரேம் நிக்குதுன்னு த்ரீஸ், டூஸ் கணக்கை அனிமே ரசிகர்கள் எல்லாரும் அடிச்சு விடறாங்களே, அதைக் கண்ணால எப்படிக் கண்டுபிடிக்கிறது? 60 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு 60 ஃப்ரேம்) யூடியூப்ல ஏத்தியிருக்காங்களே, அதுல பார்த்தா போதுமா?

மூணு_ஃப்ரேம்

அந்த 60 எஃப்பிஎஸ் வீடியோக்களைத் தொடவே தொடாதீர்கள். மென்பொருள் நடுவில் தானாகப் படங்களை நிரப்பி வைத்திருக்கும். அனிமேட்டர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அது களிமண் போட்டு அடைத்துவிடும். குத்து வந்து விழுவதற்குப் பதில் வழுக்கிக்கொண்டு வரும்.

எண்ணும் முறை இது. அனிமே நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப்படம் என்றால் ஒன்ஸ், 24 படம். ஒரே படம் இரண்டு ஃப்ரேம் நின்றால் டூஸ், 12 படம். மூன்று நின்றால் த்ரீஸ், 8 படம். ஜப்பானிய டிவி அனிமேயில் பெரும்பகுதி த்ரீஸ்தான். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே, காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னே. உருவம் மாற எத்தனை தட்டு என்று எண்ணுங்கள்.

வழக்கமாகத் தவறும் இடம் இரண்டு. ஒன்று, 24-இல் இருந்ததை 30 எஃப்பிஎஸ் ஆக்கி ஏற்றியிருந்தால் ஒரே ஃப்ரேம் இரண்டு முறை வரும். த்ரீஸ் கணக்கு 3, 4, 4, 4 என்று நொண்டும். இரண்டு, கேமரா நகரும் கட் (ஷாட்). பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்வதைப் பார்த்து "ஒன்ஸ்" என்று ஏமாறுவார்கள். மூக்கையோ கைமுட்டியையோ மட்டும் பாருங்கள்.

த்ரீஸ் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஓங்கும் கையை 6 ஃப்ரேம் பிடித்து நிறுத்து, அடுத்த படத்தில் கை எதிராளி முகத்தில் இருக்கட்டும், நடுவே படமே வேண்டாம், பட்ட நொடியில் கறுப்பு வெள்ளையாக ஒரு ஃப்ரேம், பிறகு அப்படியே ஓர் இறுக்கம். நகமுரா மை ஹீரோ அகாடமியாவில் செய்வது ஏறக்குறைய இந்த வித்தைதான். இடிபாடு அவர் கையில் கனசதுரமாக உடையும். அதற்கு ரசிகர்கள் வைத்த பெயரே யுடாபான் க்யூப்.

ஹாஷிரா_ரசிகன்

இதையே டீமன் ஸ்லேயர் பண்ணினா "ஏமாத்து", போன்ஸ் பண்ணினா "வித்தை". சரி, நருடோ ஷிப்புடென் 167-க்கு வாங்க. 2010, நருடோவும் பெய்னும். உங்க கூட்டம் கோயில் கட்டிக் கும்பிடற எபிசோடு. இழுத்து நீட்டின முகம், ரப்பர் மாதிரி கை கால். பார்த்தவன்ல பாதிப் பேர் சிரிச்சான்.

மூணு_ஃப்ரேம்

ஓடும் படத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் யாரும் கோரமாகத்தான் தெரிவார்கள். அட்சுஷி வகபயாஷி இயக்கிய எபிசோடு அது. 2005-இல் பழைய நருடோ 133-ஐயும் அவர்தான் இயக்கினார், அதில் நோரியோ மட்சுமோட்டோ வரைந்த நருடோ சசுகே மோதலை யாரும் கேலி செய்வதில்லை. 167-இல் உடம்பு நீள்வது வேகத்துக்காக. ஒரே ஒரு ஃப்ரேம் நிற்கும் இழுவைச் சித்திரம் கண்ணில் மங்கலாகத்தான் பதியும்.

வெட்டு_ஒட்டு

இங்கே ஹாஷிரா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இழுவைச் சித்திரம் ஒரு ஃப்ரேம், மிஞ்சினால் இரண்டு ஃப்ரேம் நிற்கும்வரை கண் மன்னிக்கும். 167-இல் சில இடங்களில் முகம் நின்று பேசும்போதும் வழக்கமான உருவத்திலிருந்து விலகியே இருக்கிறது. அது தெரிந்தே எடுத்த முடிவு. முக்கிய அசைவுகளை வரையும் கீ அனிமேட்டரின் கோட்டை அனிமேஷன் டைரக்டர், உருவத்தின் மாதிரிப் படமான மாடல் ஷீட்டுக்கு இழுத்துத் திருத்தினால் முகம் ஒரே சீராக வரும், ஆனால் அசைவின் துள்ளல் செத்துவிடும். திருத்தாமல் விட்டால் துள்ளல் இருக்கும், முகம் மாறும். வாரா வாரம் வரும் தொடரில் இரண்டையும் ஒருசேரப் பிடிப்பது அபூர்வம். மற்ற வாரங்களில் ஒரே மாதிரி முகம் பார்த்துப் பழகியவனுக்கு அந்த ஒரு வாரம் அதிர்ச்சியாக இருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

உருவ வடிவமைப்பும் இதில் சேர்த்தி. தன்ஜிரோவின் கட்டம் போட்ட ஹவோரி மேலங்கி ஒவ்வொரு படத்திலும் உடம்போடு மடிந்து திரும்ப வேண்டும். கோடு கூடக்கூட ஒரு படத்துக்கு நேரம் கூடும். நேரம் கூடினால் படங்களின் எண்ணிக்கை குறையும். வழக்கமான டிவி எபிசோடுக்கு 3000 முதல் 5000 படங்கள் வரை, கட் சுமார் 300. இந்தக் கணக்குக்குள் அடங்கத்தான் கேமராச் சுழற்சி, எஃபெக்ட் எல்லாம் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. எதிர்த் திசையில் போனது 2018-இன் ட்ராகன் பால் சூப்பர்: ப்ரோலி. நவோஹிரோ ஷின்டானி கோகுவின் உடம்பில் இருந்த மினுமினுப்பையும் நிழல்களையும் குறைத்து மெலிதாக வடிவமைத்தார். படம் முழுக்க ஆட்கள் லேசாகப் பறக்க அது முக்கியக் காரணம்.

கடைசி_பெஞ்சு

அப்போ எல்லாம் பட்ஜெட்தானே? ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் காசு கொட்டினான், ரெண்டாவதுல கையை இறுக்கிட்டான்.

வெட்டு_ஒட்டு

இந்த "பட்ஜெட்" கதையை யாராவது குழிதோண்டிப் புதைக்க வேண்டும். 2015-இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ எடுத்தபோது இயக்குநர் ஷிங்கோ நட்சுமே. வரைந்தவர்களில் பலர் ஸ்டூடியோ ஊழியர்களே அல்ல. அவர் பழக்கத்துக்காகவும் கதை பிடித்ததாலும் வந்த ஃப்ரீலான்ஸ் ஆட்கள். 2019-இல் ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனபோது இயக்குநர் மாறினார், அவரோடு அந்த வட்டமும் போய்விட்டது. பணத்தைக் கூட்டினாலும் அதே ஆள் அதே மாதத்தில் கையில் வேலை இல்லாமல் இருக்க வேண்டுமே.

இரண்டாம் சீசனின் குறை எதுவென்றும் பார்க்க வேண்டும். ஜெனோஸின் இரும்புக் கைமீது சொரசொரப்பான ஒரு டெக்ஸ்சரை ஒட்டியிருந்தார்கள். கை திரும்பும்போது அது கையோடு ஒட்டித் திரும்பாவிட்டால் கை இரும்பாகத் தெரியாது, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலிருக்கும். வேகத்துக்குப் படம் போதாத இடத்தில் மங்கலைப் பூசினார்கள். காம்போசிட்டிங் தனியாக நின்றால் இப்படித்தான் ஆகும். ஹாஷிரா சொன்ன "ஒரே கூரை" வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கடைசி_பெஞ்சு

ஜுஜுட்சு கைசென் 2-வது சீசன்ல சுகுனாவும் மஹோரகாவும் அடிச்சுக்கறது ஏன் இருட்டா, பேய்ப்படம் மாதிரி இரட்டையா தெரிஞ்சது? அதுவும் காம்போசிட்டிங்தானா?

வெட்டு_ஒட்டு

2023 நவம்பரில் வந்த 17-ஆம் எபிசோடு. அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. முடிக்க நேரம் போதாமல் போன கட்கள் இருந்தன. அனிமேட்டர்களே வெளிப்படையாகப் புலம்பினார்கள். இருட்டும் இரட்டைத் தோற்றமும் வேறு. 1997 டிசம்பர் 16-இல் போகிமானின் 38-ஆம் எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை அளவில் மாறி மாறி மின்னி, 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மறு ஆண்டு ஒளிபரப்பாளர்கள் விதி வகுத்தார்கள்: நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னக்கூடாது என்பது அதன் அடிப்படை. ஆக்‌ஷன் கட் அந்தச் சோதனையில் தோற்றால் வெளிச்சத்தைக் குறைப்பார்கள், பக்கத்து ஃப்ரேம்களை ஒன்றோடொன்று கலப்பார்கள். மூணு_ஃப்ரேம் சொன்ன கறுப்பு வெள்ளை ஃப்ரேம்தான் இதில் முதலில் பலி. ஒளிபரப்புப் பதிப்பை வைத்து அனிமேஷனைத் தீர்ப்பளிக்காதீர்கள். ப்ளூ-ரேயில் பாருங்கள், பெரும்பாலும் இந்த மங்கல் நீக்கப்பட்டிருக்கும்.

ஹாஷிரா_ரசிகன்

நென்_கணக்கு ரொம்ப நேரமா கம்முனு இருக்காரு. அவர் அளவுகோலையே எடுத்துக்கறேன். எச்சரிக்கை: டீமன் ஸ்லேயர் படம் இன்ஃபினிட்டி காசில் பார்க்காதவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போங்க. 2025 செப்டம்பர்ல இங்க தமிழ் டப்போட தியேட்டருக்கு வந்தது.

அரக்கன் அகாசா எதிராளியோட போர்வெறியை உணர்ந்து அடிக்கிறவன். காலடியில பனிச்செதில் மாதிரி விரியற திசைகாட்டி அதுக்குத்தான். பின்னாடி இருந்து வந்தாலும் பிடிச்சிடுவான். தன்ஜிரோ என்ன பண்றான்? போர்வெறியே இல்லாத நிலைக்குப் போறான். ஊசிக்குக் காட்ட எதுவும் இல்ல, கழுத்து போச்சு. விதி முன்னாடியே சொல்லியாச்சு, தீர்வு விதிக்குள்ள இருந்தே வருது. இது காஸ்ட்ரோவோட அழுக்கு விஷயத்துக்கு எந்த விதத்துல குறைச்சல்?

டீமன் ஸ்லேயரோட எண்டர்டெய்ன்மென்ட் டிஸ்ட்ரிக்ட் பகுதியும் அப்படித்தான். அண்ணன் தங்கை அரக்கர்கள் க்யூட்டாரோ, டாகி ரெண்டு தலையும் ஒரே சமயத்துல விழணும். வாள்வீரன் டெங்கென் விஷம் பரவாம இருக்க இதயத்தையே நிறுத்தி வெச்சு, எதிராளியோட தாக்குதலை இசைக்குறிப்பா எண்ணி முடிக்கிறான்.

நென்_கணக்கு

அகாசாவை ஒப்புக்கொள்கிறேன், சுத்தமான கணக்கு. ஆனால் அந்தப் பெருமை மூலக்கதை எழுதிய கோயோஹரு கொட்டோகேவுக்கு, ஸ்டூடியோவுக்கு அல்ல. 155 நிமிடப் படத்தில் கத்தி ஓங்கிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டு அகாசாவின் பழங்கதைக்குள் நீளமாகப் போனார்களே, அங்கே கணக்கு ஆறிப்போய்விட்டது. மங்கா காமிக்ஸில் பத்து நிமிடத்தில் புரட்டிவிடும் பக்கங்கள்.

டெங்கென் கணக்கில் பாதி ஏமாற்று. இசைக்குறிப்பு எண்ணி முடித்துவிட்டேன் என்கிறான். என்ன எண்ணினான், எந்தத் தாளத்தில் ஓட்டை கண்டான் என்று நமக்குக் காட்டவில்லை. காஸ்ட்ரோவின் அழுக்கை நாமும் கண்ணால் பார்க்கலாம்.

ஹாஷிரா_ரசிகன்

டெங்கென் எண்ணினதைக் கேக்கலாம் தலைவா, பார்க்கணும்னு என்ன? ஹெட்போன் போட்டு அந்த இடத்துல வாளோட வெடிச்சத்தத்தை மட்டும் கவனிங்க.

மூணு_ஃப்ரேம்

க்யூட்டாரோ சண்டை வேறு தரம், அதை நான் குறை சொல்லவில்லை. எரியும் கூரைமேல் யார் எங்கே நிற்கிறார் என்பது அதில் தெரிகிறது. அதே ஸ்டூடியோ, அதே ஒளி, அதே தண்ணீர். அங்கே முடிந்தது 19-இல் ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வியே. இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஹாஷிரா_ரசிகன்

19-ல ருயி பெரும்பாலும் நகர மாட்டான், நின்ன இடத்துலருந்து நூலை ஏவுவான். ஒருத்தன் நிக்கறான், ஒருத்தன் ஓடறான். கூரை மேல ரெண்டு பக்கமும் ஓடறாங்க. ரெண்டையும் ஒரே தராசுல போட்டா எப்படி? ருயி கைவிரல் மடங்குறதையும் அடுத்த கட்ல நூல் வர்ற திசையையும் சேர்த்து ஒருமுறை முற்றுப்புள்ளி விசையைத் தட்டிட்டு வாங்க, பேசுவோம்.