சிரிக்க வைத்தவர் அழும்போது நாம் எதற்குக் கைதட்டுகிறோம்?

நடுவரிசை:
ஒரு நகைச்சுவை நடிகர், மகனையோ மனைவியையோ பறிகொடுத்தவராக ஒரு படத்தில் வந்துவிட்டால் போதும். ‘இவருக்குள்ள இப்படி ஒரு நடிகனா!’ என்று ஆளாளுக்கு ஒரே வரியை எழுத ஆரம்பித்துவிடுகிறோம். நானும் எழுதியவன்தான். 2023இல் ‘மாமன்னன்’ பார்த்துவிட்டு வந்த இரவே வடிவேலுவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது எடுத்துப் படித்தால் அதில் பாதி அந்தப் படத்தைப் பற்றியே இல்லை. இத்தனை வருடம் என்னைச் சிரிக்க வைத்த முகம் இன்று சிரிக்க வைக்கவில்லையே என்ற என் அதிர்ச்சிதான் பக்கம் முழுக்க.

என் வாதம் இதுதான். காமெடி நடிகர் துக்கத்தில் நிற்கும்போது நம்மை உலுக்குவது அவர் நடிப்பு அல்ல, முரண். அந்த முரணுக்காக அவர் அந்தப் படத்தில் எதுவும் செய்யவில்லை. அது பழைய படங்களிலிருந்து வருகிற வட்டி. அதே காட்சியை அதே தரத்தில் ஒரு குணச்சித்திர நடிகர் செய்திருந்தால் ‘நல்லா பண்ணியிருக்கார்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். இயக்குநர்களுக்கும் இது தெரியும். துக்கத்தை எழுத வராத இடத்தில் காமெடியன் முகத்தை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

பட்டாணி:
சரி, வட்டின்னே வச்சுக்குவோம். முதல் போட்டது யாரு? அவருதானே? அப்புறம் வட்டியை எடுத்தா என்ன தப்பு?

இன்னொண்ணு. வடிவேலு திடீர்னு 2023ல அழல. ‘தேவர் மகன்’ 1992. அதுல அவரு நடிச்ச இசக்கி, கை போன பிறகு ஆஸ்பத்திரியில வர்ற சீனைப் பாருங்க. அப்போ அவருக்கு ஏது பழைய படத்து வட்டி? ஆளே புதுசு. மாரி செல்வராஜே சொல்லியிருக்காரு, அந்த இசக்கிதான் மாமன்னனுக்கு விதைன்னு.

நடுவரிசை:
இசக்கியை ஒத்துக்கொள்கிறேன், நல்ல அடி. ஆனால் அது ஒரு காட்சி. நான் கேட்பது படம் முழுக்கத் துக்கத்தைச் சுமக்கிற பாத்திரம் பற்றி.

ஒப்பனை:
நான் மேடை நாடகத்தில் சில வருடம் இருந்தவன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, மூன்றாவது காட்சியில் கடிதம் கொண்டுவருகிறவன். ஆனால் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

காமெடி பண்ணுகிறவருக்கும் மற்றவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் முகம் இல்லை, காது. சிரிப்பு எழுந்து உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிற அந்த அரை நொடியில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், பின்னால் எடுத்தால் காட்சி தொய்ந்துவிடும். சினிமாவில் இன்னும் கஷ்டம். படப்பிடிப்பில் சிரிக்க ஆளே கிடையாது, ஆறு மாதம் கழித்து இருட்டில் உட்காரப்போகிறவர்கள் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டு அவ்வளவு இடம் விட வேண்டும்.

இந்தக் காதுதான் துக்கக் காட்சிக்கும் வேண்டியிருக்கிறது. பார்ப்பவன் அழப்போகிற இடம் நடிகருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், தெரிந்து அதற்கு ஒரு வார்த்தை முன்னால் நிறுத்த வேண்டும். சீரியஸ் நடிகர்கள் பலர் அந்த இடத்தைத் தாண்டிப் போய் அவர்களே அழுது முடித்துவிடுவார்கள், நமக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

வட்டிக் கணக்குக்கு நாகேஷைப் பாருங்கள். ‘சர்வர் சுந்தரம்’ 1964. அடுத்த வருடமே, 1965இல், ஒரு பக்கம் ‘திருவிளையாடல்’ தருமி, இன்னொரு பக்கம் ‘நீர்க்குமிழி’. பாலசந்தர் இயக்கிய முதல் படம், ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதை, சாவை வைத்துக்கொண்டு சேட்டை பண்ணுகிற நோயாளி. முப்பது வருடம் சேர்த்து வைத்து எடுத்த வட்டியா அது? இரண்டும் ஒரே வருடம்.

நடுவரிசை:
காது விஷயம் புதிது, யோசிக்கிறேன். ஆனால் ‘நீர்க்குமிழி’ இங்கே செல்லாது. சாகப்போகிறவன் வேறு, பறிகொடுத்து நிற்பவன் வேறு. சாகப்போகிறவன் சிரித்தால் அது தைரியம். காமெடி நடிகருக்கு அது சொந்த மைதானம். பறிகொடுத்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் செய்வதற்கு எதுவுமே இல்லை, காலையில் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘மான்செஸ்டர் பை த சீ’ என்ற ஆங்கிலப் படத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவராக வரும் கேஸி அஃப்லெக் அதைத்தான் செய்தார், ஆஸ்கரும் வாங்கினார். படம் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். எதையாவது செய்துகொண்டே இருக்கப் பழகிய காமெடி உடம்புக்கு அது வராது.

ஒப்பனை:
அப்படியானால் ‘நம்மவர்’, 1994. மகள் தற்கொலை செய்துகொண்ட பிறகு நாகேஷ். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் வந்தது. பறிகொடுத்து நிற்பவன்தானே?

நடுவரிசை:
விருது எனக்குச் சான்று இல்லை. விருதுக் குழுவும் அதே வட்டியைத்தான் பார்த்திருக்கும்.

பட்டாணி:
அண்ணே, அஃப்லெக்குக்கு ஆஸ்கர் கொடுத்தா சான்று, நாகேஷுக்கு விருது கொடுத்தா வட்டி. நல்லாருக்கு உங்க தராசு.

நடுவரிசை:
சரி சரி, மாட்டிக்கொண்டேன். ஆஸ்கரை வாபஸ் வாங்குகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் பெயரைப் பார்த்தாலே என்ன எழுதப்போகிறேன் என்று தெரிந்திருக்கும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் (உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகள்) எட்டு என்று சொல்லும்போது முதலில் நிற்பது நகை, அடுத்தே அழுகை. வரிசைக்குப் பெரிய அர்த்தம் கற்பிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அடுத்த விஷயம். அழுகை பிறக்கிற இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழத் தாழ்ந்து போவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. நகை பிறக்கிற இடங்களும் நான்கு, அதில் முதலாவது எள்ளல், அதாவது கேலி.

இப்போது நம் காமெடி நடிகர்கள் ஆண்டாண்டாகச் செய்த வேலையைப் பாருங்கள். எல்லாரிடமும் அடி, ஏச்சு, ஏமாற்றம். எள்ளப்படுகிறவராகவே நின்றிருக்கிறார்கள். பார்க்கிற நமக்கு எள்ளல், நிற்கிற அவருக்கு இளிவு. ஆக, அழுகையின் நான்கு வாசலில் ஒன்றில் அவர் முன்பிருந்தே நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாம் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததால் சிரித்தோம். மாமன்னனில் கேமரா அந்தப் பக்கம் போனது.

ஆனால் (இது நடுவரிசைக்கு ஆதரவாக) இளிவு வேறு, இழவு வேறு. அவமானத்தில் தேர்ந்தவர் என்பதால் இழப்பிலும் தேர்ந்தவர் என்று ஆகிவிடாது. மாமன்னன் மலை மேல் அழுவது முதன்மையாக இளிவு. ஊர்ப் பிள்ளைகள் செத்தும் நியாயம் கேட்க முடியாதவனின் அழுகை. ஒரு மனிதன் வீட்டுக்குள் தனியாக, யாராலும் அவமதிக்கப்படாமல், வெறுமனே இழந்து நின்றால்? அங்கே இந்தப் பழைய மூலதனம் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பட்டாணி:
சுரைக்காய் சார், ரெண்டு பக்கமும் கோல் போட்டுட்டுப் போறீங்களே, எந்த டீம் நீங்க?

மழைக்காகிதம்:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. நடுவரிசை சொன்ன ‘செய்வதற்கு எதுவுமே இல்லை’ என்பதற்கு மட்டும் பதில்.

என் தம்பி போன பிறகு அவன் போனை யாராலும் திறக்க முடியவில்லை. பூட்டு எண் தெரியாது. காலை 5:10க்கு அலாரம் அடிக்கும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும். உயிரோடு இருந்தவரை அவன் அந்த அலாரத்துக்கு ஒரு நாளும் எழுந்ததில்லை. மூன்றாம் நாள் அது அடித்தபோது அம்மா படுத்தபடியே ‘இன்னைக்கும் எந்திரிக்க மாட்டேங்கிறானே’ என்றாள். எல்லாரும் சிரித்தோம். அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்து அறையில் இருந்தவர்கள் பயந்துபோய் வந்து பார்த்தார்கள்.

துக்கம் என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும் இல்லை. அபத்தமாக எதையாவது செய்துகொண்டே இருப்பதும்தான். அது சீரியஸ் நடிகர்களின் படங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ‘குட் வில் ஹன்டிங்’ என்ற ஆங்கிலப் படத்தில் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸ், செத்துப்போன மனைவி தூக்கத்தில் குசு விட்டதைப் பற்றிப் பேசுவார். தனக்கு மிஞ்சி நிற்பது அந்த மாதிரி விஷயங்கள்தான் என்பார். எழுத்தில் இல்லாத அந்தக் கதையை அவரே படப்பிடிப்பில் இட்டுக்கட்டிச் சொன்னார் என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதை எழுதி வேறொருவர் கையில் கொடுத்திருந்தால் அவர் சோகமாகச் சொல்லியிருப்பார்.

நடுவரிசை:
வருந்துகிறேன். இதற்கு மேல் வாதாடுவது சரியா என்று தெரியவில்லை, ஆனால் நீங்கள் எனக்குப் பதில் எழுதியதால் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அன்று சிரிக்க வைத்தது உங்கள் அம்மா. அவர் நகைச்சுவை நடிகர் இல்லையே. துக்கத்துக்குள் சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதைக் கொண்டுவர காமெடியன்தான் வேண்டும் என்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

மழைக்காகிதம்:
அம்மா நடிக்கவில்லை. நடிக்க வேண்டுமானால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ‘மொழி’யில் எம்.எஸ்.பாஸ்கரை நினைத்துப் பாருங்கள். மகன் போன 1984லேயே மனம் நின்றுவிட்ட பேராசிரியர். அந்த வருடத்துச் செய்தியை இன்றைய செய்தி போலச் சொல்வார், நாம் சிரிப்போம். காரணம் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நடுவரிசை:
அது ராதாமோகனின் எழுத்து.

ஒப்பனை:
எழுத்துதான். ஆனால் முதல் சிரிப்பு நிஜமாக விழாவிட்டால் அந்த எழுத்து செத்துவிடும். ‘நான் உள்ளுக்குள் உடைந்தவன்’ என்று முதல் காட்சியிலேயே கண்ணில் காட்டிவிடுகிற நடிகரைப் போட்டிருந்தால் நாம் உஷாராகியிருப்போம், சிரித்திருக்கவே மாட்டோம்.

உங்களுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கோபப்படுகிற படங்கள் எனக்கும் தெரியும். காமெடி நடிகர் துக்கத்தில் சறுக்குகிற இடம் ஒன்றுதான்: மரியாதை வேண்டும் என்று நினைக்கிற இடம். குரலைத் தாழ்த்துவார். நடையை மெதுவாக்குவார். தாடி வளர்ப்பார், கண்ணாடி போடுவார். தன்னிடம் இருந்த வேகத்தையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். அப்போது நாம் பார்ப்பது மரியாதைக்கு மனுப் போடுகிற ஒருவரை. சோகம் எங்கோ ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

நடுவரிசை:
இதைத்தான் ஐயா நான் முதலிலிருந்து சொல்ல வந்தேன், சரியான வார்த்தை கிடைக்கவில்லை. ‘ரெய்ன் ஓவர் மீ’ (2007) இதற்கு உதாரணம். 2001 செப்டம்பர் 11 அன்று விமானத்தில் மனைவியையும் மூன்று மகள்களையும் இழந்தவராக ஹாலிவுட் காமெடி நடிகர் ஆடம் சாண்ட்லர். கலைந்த நீள முடி, காதில் எப்போதும் ஹெட்போன். ‘என்னை அடையாளம் தெரியாதபடி ஆக்குங்கள்’ என்று கேட்டு வாங்கிய முடி போல இருக்கிறது.

பட்டாணி:
முடியை விடுங்கண்ணே, சமையலறையைப் பாருங்க. அந்த ஆளு சமையலறையை இடிச்சு இடிச்சு மறுபடி மறுபடி கட்டிக்கிட்டே இருப்பாரு. மனைவிகிட்ட கடைசியா போன்ல பேசினது அந்தச் சமையலறை பத்தின சண்டை. எரிஞ்சு விழுந்துட்டு போனை வச்சிருப்பாரு. இது காமெடிக்காரன் உடம்புல வர்ற விஷயம். ஒரே தப்பை ஒம்போது தடவை பண்றது.

சண்டையை முடிக்க ஒரு வழி சொல்றேன். உங்க வாதமே ‘பழைய முகம் தெரிஞ்சதாலதான் நாம உருகுறோம்’ங்கிறதுதானே? அப்போ சாண்ட்லர் யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்க. வட்டி சைபர்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஆய்வு முறை என்று பார்த்தால் ஒரே ஆள் போதாது.

பட்டாணி:
நீங்க சும்மா இருங்க சார்.

நடுவரிசை (நான்கு நாள் கழித்து):
போட்டேன். அக்கா மகள், பதினாறு வயது. சாண்ட்லர் பெயரையே கேள்விப்பட்டதில்லை. நான் படத்தைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் மனம் விட்டுப் பேசித் தீர்க்கிற காட்சியில் அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, தலைமுடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். முரண் இல்லாவிட்டால் அந்தக் காட்சி சாதாரணம்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் அதற்கு முன்பே, அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் பேசுவதையும் கேட்காமல் இருக்கிற ஒரு சாதாரண இடத்தில், ‘மாமா, ஒரு நிமிஷம் நிறுத்து’ என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு எந்த வட்டியும் கிடையாது. முடி விக்கா என்று மட்டும் கேட்டாள்.

ஒப்பனை:
அழுகிற இடத்தில் இல்லை, அடக்குகிற இடத்தில். சரிதான்.

நடுவரிசை:
பாதி உங்களுக்கு, பாதி எனக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

பட்டாணி:
அதெல்லாம் முடியாது. இப்போ அந்தப் பிள்ளைக்கு சாண்ட்லரோட பழைய காமெடிப் படம் ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க.

நடுவரிசை:
அதையும் நேற்று போட்டேன். அவர் கத்துகிறார், விழுகிறார், யாரையோ அடிக்கிறார். நான் சிரிக்கிறேன், அக்கா சிரிக்கிறாள். இவள் மட்டும் சிரிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். ‘பாவம் மாமா அந்த அங்கிள்’ என்கிறாள்.